மன்னிச்சாச்சு, பேச்சுக்கு மட்டும் வராதீங்க

மஞ்சக்குப்பம், கடலூர்
5 மே 2025

அன்புள்ள ஜெயராணிக்கு,

போன செவ்வாய்க்கிழமை புதுச்சேரியில் என் தொண்டையிலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். மிளகு அளவு. கெட்ட கட்டி இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. ஆனால் ஐந்து வாரம் வாயைத் திறக்கக் கூடாதாம். கிசுகிசுக்கவும் கூடாது, அது கத்துவதைவிடக் கெடுதல் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முப்பத்திரண்டு வருஷமாக முந்திரிக்கொட்டை வியாபாரத்தில் கண்ணையும் வாயையும் மட்டும் முதலாகப் போட்டுப் பிழைத்தவன் உன் அண்ணன். இப்போது கண் மட்டும் மிச்சம்.

உன் அண்ணி ஞானாம்பாளுக்கு இது பண்டிகை. "கல்யாணமான நாள்லேர்ந்து நான் பேச நெனச்சதெல்லாம் பாக்கி இருக்கு, உக்காருங்க" என்கிறாள். உட்கார்ந்திருக்கிறேன்.

வாட்ஸப்பில் நான் எழுதியதற்கெல்லாம் நீ கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினாய். அதனால் கடிதம். இதற்குக் கட்டைவிரல் காட்ட முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். பெரிய வெள்ளி அன்று மூன்று மணி நேர ஆராதனை முடிந்து நேராகச் சிதம்பரம் வந்தேன். ஜனவரியில் பிரீதாவைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் வாய் தவறிப் பேசிவிட்டேன் என்று உன்னிடமும் அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். நீ "மன்னிச்சாச்சுண்ணா" என்றாய். அவளும் "சரி மாமா" என்றாள். ஆனால் நான் காரில் ஏறும்போது கேட்டுக்குப் பக்கத்தில் நின்று இன்னொன்றும் சொன்னாய்: "இனிமே இவ கல்யாணப் பேச்சு எதுலயும் நீங்க வேணாம்." புவனகிரி தாண்டும் வரை எனக்கு அது புரியவில்லை. புரிந்த பிறகு கடலூர் வரை வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது.

உன் வீட்டுக்காரர் போய் நாலு வருஷம் ஆகிறது. அப்பா இல்லாத பெண்ணைக் கல்யாணத்தன்று கோயிலுக்குள் அழைத்துப் போக வேண்டியவன் தாய்மாமன். அதுவும் எனக்கு இல்லையா? மன்னித்தேன் என்று சொல்லிவிட்டு வாசலில் நிறுத்துவது என்ன மன்னிப்பு?

கடவுளிடமும் இதே கேள்விதான். அதே வெள்ளிக்கிழமை அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். பாவமெல்லாம் சிலுவையில் தீர்ந்துபோயிற்று என்று ஞாயிறு தவறாமல் கேட்கிறோம். சரி, தீர்ந்தது. பதினோராம் நாள் என்னை ஆபரேஷன் மேசையில் படுக்க வைத்து வாயை அடைத்துவிட்டார். தீர்ந்த விஷயத்தைத் திரும்ப எடுக்கிற ஆளோடு நான் வியாபாரம் வைத்துக்கொள்வதில்லை. இவரை விட்டு எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.

நீ படித்தவள். பதில் எழுது.

அண்ணன்
சார்லஸ்


கனகசபை நகர், சிதம்பரம்
9 மே 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

கட்டி கெட்டதில்லை என்று படித்ததும் முதலில் ஸ்தோத்திரம் சொன்னேன். ஆபரேஷன் என்று அண்ணியாவது ஒரு போன் செய்திருக்கலாம். வெந்நீர் குடியுங்கள். பேப்பரில் எழுதிக் காட்டுகிறேன் என்று அண்ணியை விரட்டாதீர்கள்.

வாய் தவறிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஜனவரி இருபத்தாறாம் தேதி என் வீட்டு ஹாலில் உங்கள் வாய் தவறவில்லை. ரொம்ப நன்றாக வேலை செய்தது. நீங்கள் பேசியதை அப்படியே எழுதுகிறேன். நான் வாத்தியார், எனக்கு மறக்காது.

"பையன் நல்ல பையன்தான். ஆனா கான்ட்ராக்ட் வேலை. வருசா வருசம் புதுப்பிக்கணும், புதுப்பிக்கலன்னா? கெமிக்கல் கம்பெனில நின்னு நின்னு அம்பது வயசுல ஒடம்பு என்னத்துக்கு ஆவும்? சொந்த வீடுன்றீங்க, மேல ஷீட்டு. நாங்க எறங்கி வந்துதான் பேசறோம், அத நீங்க மனசுல வெக்கணும்."

அன்பரசுவின் அம்மா எழிலரசி குடிகாட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர். புருஷன் இல்லாமல் பிள்ளையை டிப்ளமோ வரை படிக்க வைத்தவர். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எம்புள்ளைய நான் விக்க வரலீங்க" என்று சொல்லி எழுந்தார். அன்பரசு எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் பின்னால் போனான்.

நீங்கள் அன்றைக்குச் செய்தது கொட்டை மூட்டையைப் பிரித்து ஈரம், சுருங்கல், பொக்கு என்று குறை சொல்லி விலையை இறக்குகிற வேலை. அண்ணா, அவர்கள் நகை கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை, ஒரு கட்டில்கூடக் கேட்கவில்லை. எதைக் குறைப்பதற்காகப் பேசினீர்கள்? அதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.

வட்டாரச் சபைகளின் பாடகர் குழுவில் மூன்று வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடியவர்கள் அந்தப் பிள்ளைகள். பிரீதா இப்போது குழுவுக்குப் போவதில்லை. லேப் வேலைக்குப் போகிறாள், வருகிறாள், சாப்பிடுகிறாள். என்னிடம் கோபமாகப் பேசினால்கூடப் பரவாயில்லை என்று இருக்கிறது.

உங்களை மன்னித்தது நிஜம். கேட்டருகில் சொன்னதும் நிஜம். கோயிலுக்குள் யார் அழைத்துப் போவது என்று கேட்கிறீர்கள். முதலில் கல்யாணம் எங்கே இருக்கிறது?

தங்கை
ஜெயராணி


மஞ்சக்குப்பம்
16 மே 2025

அன்புள்ள ஜெயராணிக்கு,

எதைக் குறைப்பதற்காகப் பேசினேன் என்று கேட்டாய். மூன்று நாள் யோசித்தேன். ஒன்றும் இல்லாததற்குப் பேரம் பேசியிருக்கிறேன். எதிரில் ஒருத்தர் எதையாவது கொண்டுவந்து வைத்தால் அதில் குறை கண்டுபிடிக்காமல் என் வாயால் இருக்க முடியாது. அது நல்ல பையன் என்று எனக்கு முதல் பத்து நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. நல்ல சரக்கு என்று தெரிந்தால்தான் நான் அதிகமாகக் குறை சொல்வேன். இதை உன்னிடம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுத்தில் வருகிறது.

பாஸ்டர் பார்க்க வந்தார். ஸ்லேட்டில் எழுதிக் காட்டினேன்: மன்னிப்பு முழுசா, பாதியா? "முழுசுதாங்க ஐயா, அதுல என்ன சந்தேகம்?" என்றார். அப்புறம் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். மேலே பார்த்தார், டீயைக் குடித்தார், ஜெபம் பண்ணிவிட்டுப் போய்விட்டார். சின்ன வயசு. அவரைக் குறை சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை அண்ணாகிராமம் ஷெட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சீசன் முடிகிற நேரம், கொட்டை வந்துகொண்டே இருக்கிறது. அமராவதி என்று ஒரு அம்மா, பதினைந்து வருஷமாக எனக்குத்தான் கொட்டை போடுகிறது. ஒன்பது மூட்டை இறக்கியது. வழக்கமாக நான் ஒரு கை அள்ளி, நாலு கொட்டையை வெட்டிப் பார்த்து, "இத எந்தக் கொளத்துல ஊற வெச்ச?" என்று ஆரம்பிப்பேன். அந்தம்மா கத்தும், நான் கத்துவேன், அரைமணி நேரம் போகும். அன்றைக்கு வெட்டினேன், பார்த்தேன், சும்மா நின்றேன். வேறு வழி இல்லை. அந்தம்மா மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தது. பிறகு தானாகவே, "மொதலாளி, அந்தக் கடைசி மூணு மூட்ட கோட மழையில நனஞ்சது. தனியா வெச்சிக்கோங்க, கலந்துடாதீங்க" என்றது.

பதினைந்து வருஷம் ஜெயராணி. அந்தம்மாவுக்கு உண்மை சொல்ல நான் ஒரு தடவைகூட இடம் விட்டதில்லை. நான் முந்திக்கொண்டு பொய்யன் மாதிரி பேசினால் எதிரில் இருப்பவரும் அப்படித்தானே பேசுவார்?

ஷெட்டிலிருந்து திரும்பும்போது ஒன்று தோன்றியது. வேகவைத்து, ஓட்டை வெட்டி, பருப்பை வெளியே எடுத்த பிறகும் நாங்கள் அதை விடுவதில்லை. டிரையரில் ஏற்றி மறுபடி சூடு காட்டுகிறோம், மேலே ஒட்டியிருக்கிற தோல் கழன்று வர. வாசலிலேயே வேண்டாம் என்று ஒதுக்கிய சொத்தையை யாரும் டிரையரில் வைப்பதில்லை. எனது என்று ஆனதுக்குத்தான் சூடு. கடவுளும் அப்படியோ? மன்னிப்பில் ஓடு போய்விட்டது, இந்த வாய்ப் பழக்கம் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறதோ? நீ சொல்லு.

பிரீதா பாட்டுக் குழுவுக்குப் போகாதது எனக்குத் தெரியாது. நீ எழுதியதிலேயே அதுதான் ரொம்ப வலித்தது.

அண்ணன்
சார்லஸ்


கனகசபை நகர், சிதம்பரம்
21 மே 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

டிரையர் உதாரணம் நன்றாக இருக்கிறது. பாஸ்டரிடம் சொல்லிவிடாதீர்கள், அறுப்பின் பண்டிகைக்கு ஒன்றேகால் மணி நேரம் பேசிவிடுவார். ஆனால் பருப்புக்கு வலிக்காது. மனுஷனுக்கு வலிக்கிறது. அதனால் எனக்கு அது முழுசாக ஒத்துவரவில்லை.

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். போன வருஷம் அரையாண்டுத் தேர்வில் ஒருத்தி காப்பி அடித்து மாட்டினாள். ஹெட்மாஸ்டரிடம் போகாமல் நானே மன்னித்துவிட்டேன். பேப்பரைக் கிழித்துப் போட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த தேர்வில் அவளை முதல் பெஞ்சில், என் மேசைக்கு நேராக உட்கார வைத்தேன். அவள் கண்ணெல்லாம் நீராக, "மன்னிச்சிட்டேன்னீங்களே மிஸ்?" என்றாள். "மன்னிச்சதாலதான்டி இந்த ஸ்கூல்ல உக்காந்து எழுதற. முன்னாடி உக்கார வெச்சது நீயா எழுதி பாஸாவணும்னு" என்றேன். தண்டனை என்றால் வெளியே அனுப்பியிருப்பேன். வெளியே அனுப்பிய பிள்ளையை யாரும் முதல் பெஞ்சில் உட்கார வைப்பதில்லை. செய்த தப்புக்கு ஈடு வாங்குவது ஒன்று. அந்தத் தப்பைச் செய்த ஆள் மாறும் வரை விடாமல் பக்கத்தில் வைத்துக்கொள்வது இன்னொன்று. முதலாவதை ஆண்டவர் சிலுவையோடு முடித்துவிட்டார். இரண்டாவதை நாம் சாகும் வரை முடிக்க மாட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் தொண்டைக் கட்டி அந்தப் பேச்சுக்காக வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். எந்த நோய் எதற்கு என்று சொல்ல எனக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. முப்பது வருஷம் கத்தினால் கட்டி வரும், அதற்கு டாக்டரே போதும். ஆனால் அமராவதி அம்மா கதையைப் படித்த பிறகு, வந்ததை அவர் வீணாக்கவில்லை என்று மட்டும் தெரிகிறது.

இப்போது என்னைப் பற்றி. முதல் பெஞ்ச் என்று பெரிதாக எழுதிவிட்டேன். உங்களைப் பேச்சுக்கு வர வேண்டாம் என்றது அந்த மாதிரிதானா, இல்லை எனக்குள் இருந்த பழியா என்று ராத்திரியெல்லாம் புரண்டிருக்கிறேன். திருத்துவதற்காகக் கொடுக்கிற சிட்சைக்கு ஒரு முடிவு நாள் இருக்கும். பழிக்கு இருக்காது. நான் உங்களுக்கு முடிவு நாள் சொல்லவே இல்லை. அதனால் என்மேல் எனக்கே சந்தேகம்.

இன்னொன்று. என்னிடம் கேட்டீர்கள், பிரீதாவிடம் கேட்டீர்கள், கடவுளிடமும் கேட்டீர்கள். ஷீட்டு வீட்டில் இருக்கிற அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? நாங்கள் மன்னித்தது எங்கள் பங்கை மட்டும்தான். நானும் போய்ப் பார்க்க வேண்டும் என்று நாலு மாதமாக நினைக்கிறேன். எந்த முகத்தோடு போவது என்றுதான் தெரியவில்லை.

தங்கை
ஜெயராணி


மஞ்சக்குப்பம்
6 ஜூன் 2025

அன்புள்ள ஜெயராணிக்கு,

குடிகாட்டுக்குப் போய் வந்தேன். உன்னைக் கேட்காமல் போனேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், நீ சொன்னால் நான் கேட்க வேண்டியிருக்கும்.

செவ்வாயோடு ஐந்து வாரம் முடிந்தது. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு இருபது வார்த்தை. இருபத்தொண்ணு இல்ல" என்றார். குரல் வந்தது, ஆனால் என்னுடையது இல்லை. தகரத்தில் ஆணியால் இழுத்த மாதிரி. முதல் நாள் இருபதையும் உன் அண்ணியே வாங்கிக்கொண்டாள். புதன்கிழமை இருபதையும் அப்படியே வைத்துக்கொண்டு பத்தரை மணிக்கு எழிலரசி அம்மா வீட்டு வாசலில் நின்றேன்.

கதவைத் திறந்து பார்த்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "வாங்க" என்றார். உள்ளே பிளாஸ்டிக் சேர் போட்டார். ஜெயராணி, என் கண்ணை அடக்கப் பட்ட பாடு உனக்குத் தெரியாது. ஒரு இடத்துக்குள் போனால் சுவர், தரை, கூரை என்று என் கண் தானாகக் கணக்குப் போடும். அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். காரிலேயே கோத்து வைத்திருந்ததைச் சொன்னேன்:

"அன்னிக்கு ஒங்க புள்ளைய மட்டமா பேசினேன். தப்பு என்னுது. ஜெயராணிக்கும் பிரீதாவுக்கும் அதுல பங்கு இல்ல. மன்னிச்சிடுங்க."

பதின்மூன்று. இன்னும் ஏழு இருந்தது. பையன் தங்கமான பையன் என்று சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. சரக்கை மட்டம் தட்டிவிட்டு அடுத்து ஏற்றிப் பேசுவதும் அதே வியாபாரம்தானே? விட்டுவிட்டேன்.

அவர் கேட்டது வேறு. "கொரலு ஏங்க இப்படி ஆச்சு?" பையிலிருந்த நோட்டில் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு மெதுவாகப் படித்தார். சிரிப்பை அடக்குகிற மாதிரி உதட்டைக் கடித்தார். "சாமி கரெக்டா எடம் பாத்துதான் வெச்சிருக்காரு" என்றார். நானும் சிரித்துவிட்டேன், சத்தம் இல்லாமல்.

பிறகு சொன்னார்: "ஒங்கள நான் எப்பவோ மன்னிச்சாச்சுங்க. ஒங்களுக்காக இல்ல. அத மனசுல வெச்சிக்கிட்டு ஜெபத்துல ஒக்கார முடியல, அதுக்காக. ஒங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, நான் வர்றேன். எம்புள்ள அன்பு இன்னும் வேற பொண்ணு பாக்க விடல. ஆனா பேச்சுக்கு மட்டும் நீங்க வராதீங்க. தப்பா நெனச்சிக்காதீங்க."

நீயும் அவரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அதே வார்த்தை. ஜனவரியில் யாராவது என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால் சேரைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பேன். புதன்கிழமை எனக்குக் கோபமே வரவில்லை. மன்னிக்காத பொம்பளை என்னை வீட்டுக்குள் விட்டுச் சேர் போடுவாரா? மன்னித்ததால்தான் முகத்துக்கு நேராக அதைச் சொல்ல முடிந்தது. வெளியில் வந்து வண்டியை எடுத்தேன். உன்னிடமும் கடவுளிடமும் ஒரு மாசமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியைக் காணோம். எங்கே போயிற்று என்று தேடவும் இல்லை.

கோயிலுக்குள் அழைத்துப் போவதைப் பற்றி இனி கேட்க மாட்டேன். வேறு யாரை நிறுத்தினாலும் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன். வாயளவில் சொல்லவில்லை. எனக்கு இப்போது வாயே அளவாகத்தான் இருக்கிறது.

அண்ணன்
சார்லஸ்


கனகசபை நகர், சிதம்பரம்
10 ஜூன் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் முதல் வரியிலேயே எனக்குக் கொதித்தது. மறுபடியும் போய்க் கெடுத்துவிட்டீர்கள் என்று நினைத்து மடித்து வைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து எழிலரசி அம்மாவே போன் செய்தார். "ஒங்க அண்ணன் வந்தாருங்க. ரொம்ப நல்லா பேசினாரு, பேசவே இல்ல" என்றார். பிறகுதான் மீதியைப் படித்தேன்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து இங்கே வருகிறார்கள். நான், பிரீதா, அன்பரசு, அவன் அம்மா. வேறு யாரும் இல்லை. நீங்கள் கடலூரிலேயே இருக்க வேண்டும். இது பழி இல்லை என்று எனக்கே இப்போது தெரிகிறது. அதனால் நாளும் குறிக்கிறேன். கல்யாண நாளோடு இது முடிந்தது. அதற்குப் பிறகு என் வீட்டில் எந்தப் பேச்சானாலும் உங்கள் நாற்காலி பழைய இடத்தில் இருக்கும்.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது பிரீதாவிடம் நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். பின்வரிசை என்ற இடத்தில் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "மாமாவுக்கு அவ்வளவு ஈசியா பின்வரிசை கெடச்சிடுமா? நான் ஒண்ணு கேப்பேன், ஞாயித்துக்கெழம சொல்றேன்" என்றாள். என்ன என்று கேட்டால் சொல்லவில்லை. இன்று சாயங்காலம் பாட்டு நோட்டைத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

தங்கை
ஜெயராணி


மஞ்சக்குப்பம்
16 ஜூன் 2025

அன்புள்ள ஜெயராணிக்கு,

நேற்று சாயங்காலம் நீ போனில் சொன்னதை நாற்பது நிமிஷம் குறுக்கே பேசாமல் கேட்டேன். என் ஜென்மத்தில் இது முதல் தடவை. கடைசியில் பிரீதா போனை வாங்கி, தான் கேட்க நினைத்ததைக் கேட்டாள். அன்றைய கணக்கில் இன்னும் பதினோரு வார்த்தை இருந்தது, இருந்தும் போனைப் பக்கத்தில் நீட்டிவிட்டேன். ஞானாம்பாள்தான் போனை வாங்கிப் பேசினாள்.

வாயால் முடித்ததை மறுநாள் எழுத்தில் உறுதி செய்வது எங்கள் வியாபார வழக்கம். நான் காதில் வாங்கியது சரியா என்று பார்த்துக்கொள்.

கல்யாணம் செப்டம்பர் 10, புதன்கிழமை, சிதம்பரத்தில் உன் சபைக் கோயிலில் காலை பத்து மணிக்கு. நகை, பணம், சாமான் என்று இரண்டு பக்கமும் எதுவும் கேட்கவில்லை, எதுவும் கொடுக்கவில்லை. கல்யாணப் புடவை எழிலரசி அம்மா எடுப்பது. சாப்பாட்டுச் செலவு இரண்டு வீட்டுக்கும் சரிபாதி. என் பணம் அதில் சேராது. அன்பரசுவின் வேலை, வீடு, சம்பளம் பற்றி நான் யாரிடமும், நல்லதாகக்கூட, ஒரு வார்த்தை பேசுவதில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பந்திக்கு நானே நின்று பரிமாறுவது. இது எழிலரசி அம்மா கேட்டது. ஒன்பதரை மணிக்கு நான் கோயில் வாசலில் நிற்பது, பிரீதாவைக் கைபிடித்துப் பீடம் வரை அழைத்துப் போவது. இது பிரீதா கேட்டது.

எல்லாவற்றுக்கும் சம்மதம்.

அண்ணன்
சார்லஸ்